அப்பாவுக்குக் கிடைத்த செவ்வாய்க்கிழமை

காலையில் பல் துலக்கிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். துணி துவைக்கிற கல்லின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். லுங்கி, பனியன். கையில் காலி டம்ளர். வெயில் முருங்கை மரத்தைத் தாண்டி அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். வாயில் நுரையோடு உள்ளே ஓடினேன். "அம்மா, அப்பாவுக்கு என்ன?"

அம்மா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஒண்ணுமில்லடி. லீவு" என்றாள்.

"யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான்."

எங்கள் வீட்டில் லீவு என்பது எனக்கு மட்டும் உரிய சொல்லாக இருந்தது. மழையால் காரைக்காலில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்று செய்தியில் சொன்னால் நான் மறுபடியும் போர்வைக்குள் போய்விடுவேன். அப்பா குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். அந்த இரண்டுமே எனக்கு இயல்பாகத்தான் இருந்தன.

வாசலில் கீரைக்காரம்மா கூடையை இறக்கினார். எங்கள் தெருவுக்குப் பல வருஷமாக வருகிறவர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, விருந்தாடி வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மா சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர்தாங்க."

"அட, இவங்கதானா! நான் பாத்ததே இல்லியே" என்று அந்த அம்மாவும் சிரித்தார். அப்பாவும் எழுந்து வந்து சிரித்தார். சிரித்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டார். "பாப்பா, காலேஜ்ல நீ என்ன பாடம் படிக்கிறே?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

"பாட்டனிப்பா."

"அப்படின்னா?"

"செடி, கொடி, மரம் பத்தி."

"நெல்லும் அதுல வருமா?"

"வரும்ப்பா."

"பாட்டனி" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் வரட்டுமா?" என்றார்.

அப்பா எங்கே?

இந்தத் தொடரில் இதுவரை அம்மாவைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன். அம்மா பள்ளியில் சேர்த்தது, அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, அம்மா சைக்கிள் பிடித்துக் கற்றுக்கொடுத்தது. இந்தக் கதைகளில் அப்பா எங்கே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

அப்பா கடையில் இருந்தார்.

காரைக்கால் கடைத்தெருவில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அப்பாவின் சொந்த ஊர் போலகம். இருந்த நிலம் ஒரு குடும்பத்துக்கே பற்றாததால் பெரியப்பா வயலில் நின்றுகொண்டார், அப்பா கடையில் வந்து நின்றார். நின்றார் என்று சும்மா சொல்லவில்லை. ஜவுளிக்கடையில் வேலை என்றால் நிற்பதுதான் வேலை. ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது.

காலையில் எனக்குப் பள்ளிக்கூட ஓட்டம், அவருக்குக் கடை திறக்கிற ஓட்டம். இரவு அவர் வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்குத்தான் கடையில் கூட்டம். ஆடித் தள்ளுபடி, முகூர்த்த மாதங்கள், தீபாவளி, பொங்கல், எதிலும் அப்பா வீட்டில் கிடையாது. ரம்ஜான் கடைசி வாரத்தில் கடை மூடுவதற்கே நேரங்காலம் கிடையாது. மாங்கனித் திருவிழாவில் மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பா தோளில் ஏறி மாம்பழம் வீசுவதைப் பார்ப்பார்கள். நான் அம்மாவின் இடுப்பில் இருந்து பார்த்தேன்.

பண்டிகைக்கு மறுநாள் என்று வருஷத்தில் ஏதோ சில நாட்கள் கடை மூடியிருக்கும். அந்த நாட்களில் அப்பா தூங்குவார்.

அவர் பேசவே மாட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஒரு தீபாவளிக்கு அம்மா என்னைக் கடைக்கு அழைத்துப் போனாள். புடவைப் பிரிவில் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் வெடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அப்பா.

ஒரு குடும்பத்துக்குப் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, இந்த மாம்பழக் கலர் உங்களுக்குன்னே தறியில ஏத்தினது. வாங்கலேன்னாலும் பரவாயில்ல, ஒரு தடவ தோள்ல போட்டுப் பாத்துட்டுப் போங்க!" அந்த அம்மாவும் சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களோடு வந்த பையனின் கன்னத்தைக் கிள்ளி, அவன் பெயரென்ன, எந்த வகுப்பு, டீச்சர் அடிப்பாரா என்றெல்லாம் கேட்டார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததும் உண்மை. ஆனால் அடுத்த ஆள் கூப்பிட்டுவிட்டார். "அம்மாகூடப் போயி சின்னப் பிள்ளைங்க துணி பாரு பாப்பா" என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். எங்கள் அப்பா இவ்வளவு பேசுவாரா என்கிற ஆச்சரியம் ஒருபக்கம், என்னிடம் மட்டும் பேசுவதில்லையே என்கிற கோபம் மறுபக்கம். பேச்செல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்று புரியாத வயது.

இரவில் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு அகலமான பாத்திரத்தில் உப்புப் போட்ட வெந்நீர் வைப்பாள். அப்பா அதில் காலை விட்டுக்கொண்டு கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பார். என்றாவது தாகத்துக்கு எழுந்தால் அந்தக் காட்சியைப் பார்ப்பேன். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டு புடைத்துக்கொண்டிருக்கும்.

சுலோச்சனா அக்காவின் கோபம்

அந்தக் கடைக்கு வார விடுமுறை வந்ததற்குக் காரணம் சுலோச்சனா அக்கா. மண்டபத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர். சுடிதார் பிரிவில் நின்றார். கணவர் கடலுக்குப் போகிறவர்.

ஆடித் தள்ளுபடி நடக்கும்போது அக்காவின் மாமியார் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாளே கடையிலிருந்து போன். மேனேஜர் பேசினார். கூட்டம் தாங்கவில்லை, உடனே வர வேண்டும் என்றார். வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பது அந்தக் கடையில் வழக்கம். அதோடு, வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா வந்தார். வந்து அப்பாவிடம் சொன்னாராம்: "அண்ணே, எங்க ஊர்ல ஒரு சாவு விழுந்தா ஒரு படகும் கடல்ல எறங்காது. கடலே லீவு விடுதுண்ணே. இந்தக் கடை விடாதா?"

அப்பா வழக்கம்போல், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றிருக்கிறார்.

அக்கா பொறுக்கவில்லை. யாரோ விவரம் தெரிந்தவரைக் கேட்டிருக்கிறார். கடையில் வேலை செய்கிற எவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும், அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு, எப்போதும்போல் கடைக்கு வந்து சுடிதார் மடித்தார்.

பின்னாளில் நான் விசாரித்தேன். அந்தச் சட்டம் அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடைமுறையில் இருந்திருக்கிறது. அப்பா அந்தக் கடையில் கழித்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது இருந்தது. யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு கேள்வி

அந்த முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுலோச்சனா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் லீவு அல்லவா. கையில் மல்லிகைப்பூ, இடுப்பில் பெண் குழந்தை. அம்மா டீ போட்டாள். கடையில் நடந்ததை அக்கா சொல்லித்தான் நானும் அம்மாவும் தெரிந்துகொண்டோம். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

புகாரை விசாரிக்க வந்த தொழிலாளர் துறை அதிகாரி ஓர் இளம் பெண். திடீரென்று ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்திருக்கிறார். மேனேஜர் அதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்: யார் வந்து கேட்டாலும் வாரம் ஒரு நாள் லீவு உண்டு என்று சொல்ல வேண்டும்.

அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு "உண்டு மேடம்" என்றார்கள். சுலோச்சனா அக்கா மட்டும் இல்லை என்றார். "இந்தப் பொண்ணுக்குக் கடைமேல கோவம் மேடம்" என்றார் மேனேஜர்.

கடைசியில் அப்பா. கடையிலேயே மூத்தவர் அவர்தான். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முதலாளியும் அப்பாவும் ஒரே வயது. பெரிய முதலாளி காலத்தில் இருவரும் ஒன்றாக அந்தக் கடையில் துணி கிழித்துப் பழகியவர்கள். முதலாளி அப்பாவைக் 'கோவிந்து' என்று கூப்பிடுவார். கோவிந்தராசு எங்கள் வீட்டு ஆள் மாதிரி என்று எல்லோரிடமும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் பொய் சொன்னதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

அப்பா வயதானவர் என்பதால் அந்த அதிகாரி உடனே விஷயத்துக்கு வரவில்லை. "உக்காருங்க ஐயா" என்றார். அப்பா உட்காரவில்லை.

"வீட்ல பிள்ளைங்க எத்தன பேரு?"

"ஒரே பொண்ணுங்க."

"என்ன பண்ணுது?"

"காலேஜ் படிக்குதுங்க."

"அப்படியா, சந்தோஷம். என்ன பாடம்?"

அப்பா வாயைத் திறந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. "அண்ணே யோசிக்கிறாரு யோசிக்கிறாரு, வேர்த்துக் கொட்டுது" என்றார் அக்கா. கடைசியில் அப்பா மெதுவாக, "தெரியலைங்க" என்றிருக்கிறார்.

அதிகாரி சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாராம். "என்ன ஐயா?"

"தெரியலைங்க. காலையில அது ஓட்டம், நான் ஓட்டம். ராத்திரி நான் போறப்ப அது தூங்கிப்போயிரும்."

"ஞாயித்துக்கெழம?"

"அன்னைக்குத்தாங்க இங்க கூட்டம்."

"அப்ப லீவு?"

கடையே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா கல்லாப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

"இல்லைங்க. என்னைக்கும் இருந்ததில்லைங்க."

அதற்குப் பிறகு, முதலில் உண்டு என்று சொன்ன பெண்கள் ஒவ்வொருவராக வந்து இல்லை என்று மாற்றிச் சொன்னார்கள்.

அக்கா சொல்லி முடித்தார். காலையில் அப்பா கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

"பாட்டனி" என்றார் அப்பா, அக்காவிடம். "செடி கொடி பத்திப் படிக்குது. நெல்லும் அதுல வருது."

ஏன் செவ்வாய்?

வாரத்தில் ஒரு நாள் என்றுதான் சட்டம் சொன்னது. எந்த நாள் என்பது முதலாளியின் கையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை யாரும் புதுத்துணி எடுக்க மாட்டார்கள். நல்ல காரியம் எதுவும் அன்றைக்கு வைக்க மாட்டார்கள். கடையில் ஈ ஓட்டுகிற நாள். அந்த நாளை எல்லோருக்கும் லீவாகக் கொடுத்தார் முதலாளி.

"லீவு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கோவிந்து" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா பல தடவை கேட்டிருந்தார். நான் பிறந்தபோது கேட்டார். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது கேட்டார். அதையெல்லாம் அவர் ஞாபகப்படுத்தவில்லை.

அப்பாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. சுலோச்சனா அக்காவையும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்த மாதமே அப்பாவை மாடிக்கு அனுப்பினார்கள். புடவைப் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். மேலே வரும் துணிக் கட்டுகளைப் பிரித்து, விலைச்சீட்டு ஒட்டி, கீழே அனுப்புவது அப்பாவின் வேலை ஆயிற்று. ஜன்னல் இல்லாத அறை. பேச ஆள் கிடையாது.

"வயசாயிடுச்சுல்ல, கீழ நிக்க முடியாதுன்னு முதலாளியே பாத்து மாத்திவிட்டாரு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பினாளோ இல்லையோ, தலையை ஆட்டினாள்.

அந்த மாடியைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறாது. ஒரு நாளைக் கொடுத்துவிட்டு, மீதி நாட்களில் இருந்த சிரிப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும்

எனக்குச் செவ்வாய்க்கிழமை கல்லூரி உண்டு. ஆகவே அப்பாவும் நானும் சேர்ந்திருந்தது பெரும்பாலும் தருமபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்.

எனக்குக் குறுக்குச் சந்துகள் தெரியும். அவருக்குத் தெரியாது. "இந்த வழி எப்ப வந்துச்சு?" என்பார். எதிரில் வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தால், "யாரு?" என்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வருவார். எங்கள் தெருவையே அவருக்கு நான்தான் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது.

பேச்சு சுலபமாக வரவில்லை. கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் அருவிபோல் பேசியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அடுத்ததைத் தேடுவார். நானும் தேடுவேன். "சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" "எடுத்துக்கிட்டேம்ப்பா." அதற்குள் பஸ் வந்துவிடும்.

ஒரே ஒரு தடவை பேச்சு ஓடியது. வழியில் ஒரு வேலியோரம் படர்ந்திருந்த கொடியைக் காட்டி, "இது பேரு என்ன சொல்லு பாப்போம், பாட்டனி" என்றார். எனக்கு அதன் லத்தீன் பெயர்தான் தெரிந்தது. சொன்னேன். அவர் வாயில் அது நுழையவில்லை. மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்து, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடையில் சின்ன வயதில் கேட்ட அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். பஸ்ஸைத் தவறவிட்டோம். எனக்கு முதல் வகுப்பு போயிற்று.

சாயங்காலம் நான் திரும்பி வரும்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு பேருமே செவ்வாய்க்கிழமையைப் பற்றி என்னென்னவோ நினைத்து வைத்திருந்தோம். நாகூர் போகலாம், போலகம் போய்ப் பெரியப்பாவைப் பார்க்கலாம், கடற்கரைக்குப் போகலாம். அவர் உடம்பு வேறொன்று நினைத்து வைத்திருந்தது. எத்தனையோ வருஷத்துத் தூக்கம் அந்த ஒரு நாளில் வந்து அவர் மேல் விழும். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பாள். குக்கர் விசில் அடித்தால்கூட ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள்.

கடற்கரைக்கு ஒரு தடவை போனோம். மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தோம். அம்மா சுண்டல் வாங்கி வந்தாள். நான் கல்லூரிக் கதை ஒன்றை ஆரம்பித்து, முடிவுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அப்பா முழங்காலில் தலையை வைத்துத் தூங்கிவிட்டிருந்தார். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். அலைச்சத்தத்தில் அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தோம்.

காது குத்து

படிப்பு முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மயிலாடுதுறையில் வாழ்க்கை. ஒரு பெண் பிறந்தாள். அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலையும் கிடைத்தது. எனக்கு ஞாயிறு விடுமுறை, அப்பாவுக்குச் செவ்வாய். மறுபடியும் அவரைப் பார்ப்பதே அரிதாயிற்று.

குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். நான் என் மாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "செவ்வாய்க்கெழமையில வைக்க முடியுமா அத்த?"

"காது குத்துற நாளா அது? என்ன பேச்சு பேசுறே?" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

ஆவணி மாதத்து முகூர்த்த ஞாயிறு ஒன்று முடிவாயிற்று. அப்பா முதலாளியிடம் போய்க் கேட்டார். அந்த ஞாயிறு லீவு கொடுத்தால் பதிலுக்குச் செவ்வாய்க்கிழமை வந்து வேலை செய்கிறேன் என்றார்.

முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நிமிராமல் சொன்னார்: "சட்டப்படி உங்களுக்குச் செவ்வாய்க்கெழமதானே லீவு? சட்டப்படியே போவோம்."

'கோவிந்து' எப்போதோ 'நீங்க' ஆகிவிட்டிருந்தது.

மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார் அப்பா. பந்தியெல்லாம் முடிந்து, பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டை முதுகெல்லாம் ஈரம். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். காது மடல்கள் சிவந்திருந்தன.

"எழுப்புறேம்ப்பா" என்றேன்.

"வேணாம் வேணாம். தூக்கத்தக் கெடுக்காதே." பாயில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வாங்கி வந்த பாவாடையை அவள் மேல் வைத்து அளவு பார்த்தார். துணிக்கு வலிக்குமோ என்பதுபோல் அவ்வளவு மெதுவாக வைத்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது. "வளருற பிள்ளதானே" என்றார்.

அவர் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். மறுநாள் கடை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "நான் வந்ததே அதுக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் அப்பாவின் கால் நரம்புகள் புண்ணாகிவிட்டன. மாடிப்படி ஏற முடியவில்லை. கடையிலிருந்து நின்றுவிட்டார். எல்லா நாளும் அவருக்கு விடுமுறை ஆயிற்று. சில தடவை மயிலாடுதுறைக்கு வந்து தங்கினார். நான் காலையில் பள்ளிக்கு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "உங்களுக்கும் லீவு இல்லியா பாப்பா?" என்று கேட்டார் ஒரு நாள். "பரீட்சை வருதுல்லப்பா" என்றேன்.  பேத்திக்குத் தட்டில் தோசையைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து பெண்கள் வந்த வேன்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போனதாக அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. கடையிலிருந்து முதலாளி மட்டும் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அழுதார். 

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சுலோச்சனா அக்கா முதலில் இறங்கினார். தலை நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கடைப் பெண்கள், பத்துப் பேர் இருக்கும். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் அதில் சிலர்தான். மற்றவர்கள் பின்னால் சேர்ந்தவர்கள், சின்ன வயதுக்காரிகள்.

அழுது முடித்ததும் அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி வாசலைப் பெருக்கினாள். இரண்டு பேர் கிணற்றடியில் குவிந்துகிடந்த பாத்திரங்களைத் துலக்கினார்கள். சுலோச்சனா அக்கா உலை வைத்தார். அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா சோற்றைப் பிசைந்து கையில் வைத்ததும் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. அக்கா கூப்பிட்டதால் வந்தாளாம்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? முன்னாடியெல்லாம் நம்ம கடையில லீவே கெடையாதாமே. நெசமாவா?"

"நெசந்தான்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும்."

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எப்படி அப்படி இருக்க முடியும் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அப்ப வீட்ல உள்ளவங்கள எப்ப பாப்பாங்க?" என்றாள்.

 கண் எரிகிறது என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனேன்.

மத்தியானம் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாப்பாடு ஆகிவிட்டது. தூரத்திலிருந்து வந்தவர்களை மழையில் காக்க வைக்கிறோமே என்று அம்மாவுக்குச் சங்கடம். "உங்களுக்கெல்லாம் நேரமாவுதேம்மா. வீட்ல தேடுவாங்க. கெளம்புறதுன்னா கெளம்புங்க" என்றாள்.

சுலோச்சனா அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"இருக்கோம்மா. இன்னைக்கு லீவுதானே."